பாயிண்ட்டில் வந்த பனிமலை

பிப்ரவரி 2

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இதை நான்தான் எழுதுகிறேன். மருமகள் வளர்மதி போனில் ஒரு மைக் படத்தைக் காட்டி, "இத அமுக்கிட்டுப் பேசுங்க மாமா, நீங்க பேசப் பேச அது எழுதும். தெருத்தெருவா சுத்துறதுக்கு இது பரவால்ல" என்றாள். வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினால் போன் உளறுகிறதாம். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறதாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நாற்பது வருஷம் டீ மாஸ்டராக நின்றவன் நான். கடை ரேடியோவில் காலையும் மாலையும் செய்தி கேட்ட காது. அந்த நடை எனக்கும் வரும்.

இது நாகரத்தினத்தின் போன். அவள் மூன்றாம் வகுப்பு வரை போனவள். பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டுகிற வேலை அவளுடையது. போன ஆனி மாதம் போய்ச் சேர்ந்தாள். வருகிற ஆனியில்தான் வருஷம் திரும்பும்.

மகன் சௌந்தரும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். பேத்தி தர்ஷினி பள்ளிக்கூடம். மூன்று மணிக்கு டீ போட்டேன். குடித்தேன். இரண்டு கிளாஸையும் கழுவிக் கவிழ்த்தேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மறுபடியும் போனேன்.

பிப்ரவரி 5

சமையலறையில் பேச்சு.

"நீயே அப்பாகிட்ட சொல்லேன்."

"உங்க அப்பா. நீங்க சொல்லுங்க. நான் சொன்னா மருமக ஊர் சுத்தக் கெளப்பிட்டான்னு ஆயிரும்."

நான் இருமினேன். உடனே இரண்டு பேரும் சாம்பாருக்கு உப்புப் பத்துமா என்று பேச ஆரம்பித்தார்கள். அன்று வைத்தது ரசம்.

பிப்ரவரி 9

தை அமாவாசை. நாகரத்தினத்துக்குப் படையல். மொச்சைக் குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், அப்பளம். அவள் படம் ஸ்டூலின் மேல், நான் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. வருஷம் திரும்புகிற வரை அங்கேதான் இருக்கும். திவசம் முடிந்ததும் சுவரில் ஆணி அடித்து, என் அப்பா அம்மா படத்தோடு மேலே மாட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் மாதாமாதம் இலை போடுவது இல்லை. அவளும் முன்னோர் ஆகிவிடுவாள். அதுவரை வீட்டில் விசேஷம் கிடையாது, புதுத் துணி கிடையாது, மலை ஏறக் கூடாது. எங்கள் பக்கம் வழக்கம் இது.

சாப்பிடும்போது தர்ஷினி கேட்டாள்: "தாத்தா, பனியில நடந்தா கால் மரத்துப் போகுமா?"

வளர்மதி அவளைப் பார்த்த பார்வையில் அப்பளமே நொறுங்கியிருக்கும்.

"எந்தப் பனி?" என்றேன்.

"மார்கழிப் பனி தாத்தா."

மார்கழி போய் ஒரு மாதம் ஆயிற்று.

பிப்ரவரி 14

தர்ஷினியால் அடக்கி வைக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த வேகத்தில் பையைப் போட்டுவிட்டுச் சொல்லிவிட்டாள். மே மாதம் காஷ்மீர் போகிறோம். பிளேன், ஓட்டல், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. நான்கு பேர். என் பேரும் போட்டாயிற்று.

"அம்புட்டுக் காசு யாரு குடுக்குறா?"

"காசே இல்ல தாத்தா. எல்லாம் பாயிண்ட். அப்பா கார்டுல செலவு பண்ணா பாயிண்ட் விழும். சேத்து வச்சா அதுலயே டிக்கெட் போடலாம். மே முடியுறதுக்குள்ள போயிட்டு வரணும், இல்லன்னா எல்லாம் அழிஞ்சு போயிரும். அடுத்த வருஷம் எனக்கு ப்ளஸ் டூ. அப்பறம் எங்க போறது? ஆனா வருஷம் திரும்புறதுக்குள்ள மலைக்குப் போக நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு அப்பா பயந்துக்கிட்டே இருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க தாத்தா."

சொல்ல மாட்டேன் என்றேன். ஆக, இன்றிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது.

பாயிண்ட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீத்தூள் கம்பெனிக்காரன் அந்தக் காலத்திலேயே கொடுத்தான். பாக்கெட்டில் ஒட்டியிருக்கிற லேபிளைச் சேர்த்துக் கொடுத்தால் கண்ணாடி கிளாஸ் செட். கடையில் நாங்கள் கிழித்துப் போடுகிற பாக்கெட்டை எல்லாம் நாகரத்தினம் மடியில் கட்டிக்கொண்டு போவாள். தண்ணீரில் ஊறவைத்து, லேபிள் கிழியாமல் உரித்து, முறத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பாள். கம்பெனி வேன் வந்த அன்று, ஒரு லேபிள் ஓரம் கிழிந்திருக்கிறது என்று அந்த ஆள் ஒதுக்கினான். இவள் அந்தத் துண்டையும் முந்தானையில் இருந்து எடுத்து ஒட்டிக் காட்டினாள். ஆறு கிளாஸ் வாங்காமல் விடவில்லை. இப்போது மிச்சம் இருப்பது இரண்டு.

பிப்ரவரி 20

செலவு பண்ணினால் பாயிண்ட் என்கிறாள். இந்த வீட்டில் யார் என்ன செலவு பண்ணினார்கள்? பிரிட்ஜ் பழசு, கதவை முட்டினால்தான் மூடும். டிவியில் ஓரமெல்லாம் பச்சை. சௌந்தர் பைக்குக்கு சீட் உறை கூட மாற்றவில்லை. நான்கு பேர் பிளேன் ஏறுகிற அளவுக்கு என்ன வாங்கினான்?

யோசனை நிற்கவில்லை. கிளம்பி ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஒரு டீ குடித்தேன். பாலில் ஆவியே இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். எங்கே போனீர்கள் என்று வளர்மதி கேட்டாள். சும்மா என்றேன்.

பிப்ரவரி 21

அந்த மிஷின் சத்தம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 22

நாகரத்தினத்தைச் சேர்த்திருந்த மதுரை ஆஸ்பத்திரியில் பணம் கட்டுகிற இடம் கீழ்த்தளத்தில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில். கண்ணாடிக்குப் பின்னால் மூக்குத்தி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். சௌந்தர் கார்டைச் சட்டையில் துடைத்துத் துடைத்துக் கொடுப்பான். மிஷின் ஒரு சத்தம் போடும், பால் குக்கர் விசிலடிக்கத் தொடங்குகிற மாதிரி, ஆனால் சின்னதாக. வெள்ளைச் சீட்டு நாக்கு நீட்டும். மறுநாள் மறுபடி கூப்பிடுவார்கள். மறுபடி துடைப்பான், மறுபடி சத்தம். அந்தப் பெண் ஒரு தடவை கூட எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. கடைசி நாள் மட்டும் பார்த்தாள்.

அது தவிர இந்த வீட்டில் பெரிய செலவு எதுவும் நடக்கவில்லை.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. பிள்ளை பட்ட கடனைப் பிள்ளைதான் அடைத்தான், அவனுக்கு வந்ததை அவன் எடுத்துக்கொள்கிறான். இதில் நினைக்க என்ன இருக்கிறது. இன்று டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். என் கிளாஸிலும், நாகரத்தினத்தின் அரைச் சர்க்கரைக் கிளாஸிலும். கீழே ஊற்றிவிட்டு மறுபடி போட்டேன்.

மார்ச் 3

வீரணன் வந்தான். நாகரத்தினத்தின் தம்பி, வத்தலக்குண்டில் வாழைமண்டி வைத்திருக்கிறான். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"ஏன் மச்சான், பனி பாக்கணும்னு கேட்டீகளாமே?"

எனக்கு விளங்கவில்லை. சௌந்தர் சமையலறை வாசலில் நின்றான். கையில் தண்ணீர்ச் சொம்பு. முகத்தில் ரத்தம் இல்லை.

"எங்க அக்கா போயி இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள ஒங்களுக்குக் குளுகுளுன்னு கேக்குதோ? மருமகன் போன்ல சொல்றாப்ல, 'அப்பாதான் மாமா ஆசைப்பட்டுக் கேக்குறாரு, மறுக்க முடியல'ன்னு. நான் நம்பல. எங்க மச்சான் அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு சொன்னேன். நீங்களே சொல்லுங்க."

சௌந்தர் சொம்போடு முன்னால் வந்தான். "மாமா, இது மலை ஏறுற கணக்குல வராது. பிளேன்ல போறோம். மேல இருந்து கீழதான் எறங்குறோம்."

"ஓகோ! அப்ப பழனிக்கும் ஹெலிகாப்டர்ல போயி எறங்கிட்டா ஆச்சு. படியெல்லாம் எதுக்குக் கட்டி வச்சிருக்கான்?"

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளர்மதி அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சௌந்தர் என்னைப் பார்த்தான். இந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் கடைக்கு வந்தால் பாட்டிலில் இருந்து பன்னை எடுத்துத் தின்றுவிட்டு, முதலாளி கேட்டால், "அம்மாதான் எடுத்துக்கச் சொன்னுச்சு" என்பான். நாகரத்தினம் அப்போதுதான் தெருமுனையில் வந்துகொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. வந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, நான்தான் சொன்னேன்" என்பாள்.

"ஆமா மாப்ள. நான்தான் கேட்டேன்" என்றேன்.

வீரணன் தோள் துண்டை உதறிப் போட்டான். "அப்ப எங்க அக்காவுக்கு இந்த வீட்டுல அம்புட்டுத்தான் மதிப்பு" என்றான். சௌந்தர் நீட்டிய சொம்பை வாங்கவில்லை. ஸ்டூலில் இருக்கிற படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனான். இத்தனை வருஷத்தில் இது நடந்ததில்லை.

மார்ச் 4

மூன்று தடவை பஸ் ஸ்டாண்டு.

மார்ச் 10

அமாவாசைப் படையல் முடிந்தது. செருப்பை மாட்டினேன், சௌந்தரும் மாட்டினான். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். என் பழைய கடை இப்போது போன் கவர் விற்கிற கடை. அதற்கு எதிரே உட்கார்ந்து டீ சொன்னான்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படிச் சொன்னேன்?"

"நீங்க கேக்கவே இல்லயே. நான்தான் மாமாகிட்டப் பொய் சொன்னேன். உங்க பேரச் சொன்னா அவரு வாயத் தொறக்க மாட்டாருன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்ச. தண்ணியக் கூட வேணாம்னு போயிட்டான்."

டீ வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை.

"அந்தப் பாயிண்ட் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கிறீங்க. அது வேற என்னைய அரிக்குது."

"மிஷின் சத்தம் எனக்கும் கேட்டுச்சுடா. பக்கத்துலதான நின்னேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னான். ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள், நாகரத்தினத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதற்கு முன்னால், பணம் கட்டிவிட்டு மேலே போனானாம். கையில் சீட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாளாம்.

"'கார்டுலயா கட்டுன? அதுக்கு அவன் ஏதாச்சும் குடுப்பானாடா?'ன்னு கேட்டுச்சு. பாயிண்ட் விழும்மான்னேன். 'எம்புட்டு?'ன்னு கேட்டுச்சு. சொன்னேன். மூக்குல டியூப வச்சுக்கிட்டுச் சிரிக்குதுப்பா. 'நல்லா விழட்டும். அத வீணாக்கிராத'ன்னுச்சு. அதுக்கப்பறம் எங்கிட்ட ஒண்ணும் பேசல."

எனக்கு அந்த முந்தானை ஞாபகம் வந்தது. கிழிந்த லேபிள் துண்டு.

"மே மாசத்தோட அழியுதுன்னு மெசேஜ் வந்ததும் எனக்குக் கை ஓடல. உங்ககிட்டக் கேக்கவும் வாய் வரல. டிக்கெட்டப் போட்டுட்டேன். வேணாம்னா விட்ருவோம்ப்பா. போனாப் போகுது."

"போனாப் போகுதுன்னு உங்க அம்மாகிட்டச் சொல்லிப் பாரு" என்றேன்.

டீ ஆறிப்போயிருந்தது. ஆனாலும் குடித்தோம்.

மார்ச் 12

வருஷத்தைக் குறைத்து முடித்துவிடுவது என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் நிச்சயம் பண்ணிய வீடுகளில் செய்கிறதுதான். திவசத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டால் தடை இல்லை. பங்குனி அமாவாசை. எல்லோர் முகத்திலும் வெளிச்சம். தர்ஷினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு இதில் சங்கடம் எதுவும் இல்லை. ஆனியில் செய்வதைப் பங்குனியில் செய்கிறோம். அவ்வளவுதான்.

மார்ச் 17

வத்தலக்குண்டு போனேன். திவசத்துக்குப் பிறந்த வீட்டுத் துணி வர வேண்டும், வீரணன் வராமல் முடியாது. மண்டியில் தார்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"கல்யாணத்துக்காக வருஷத்தக் குறைச்சுப் பாத்திருக்கேன் மச்சான். பனிக்காகக் குறைச்சு நான் கேள்விப்பட்டதே இல்ல."

"இப்பக் கேள்விப்படு."

"வர மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் அவன் அக்கா சொன்னதை அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், போனில் சொன்னது யாருடைய பொய் என்பதும் வெளியே வரும். பிள்ளை நாளைக்கு மாமன் முகத்தில் விழிக்க வேண்டாமா. பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். பஸ் கிளம்பும்போது மண்டிப் பையன் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு சீப்பு நாட்டுப்பழம் கொடுத்தான். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 8

அணைப்பட்டியில் வைகைக் கரையில் திவசம். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. ஐயர் எள்ளும் பிண்டமும் எடுத்து வைத்துவிட்டு, பிறந்த வீட்டார் யார் என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போது படித்துறையில் வீரணன் இறங்கி வந்தான், தோளில் வேட்டி துண்டோடு.

எல்லாம் முடிந்து ஈர வேட்டியைப் பிழியும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மருமகன் போன வாரம் மண்டிக்கு வந்தாப்ல. எல்லாத்தையும் சொல்லிட்டாப்ல."

நான் வேட்டியை மறுபடியும் பிழிந்தேன்.

"எங்க அக்கா மாதிரியே நீங்களும் நல்லாப் பொய் சொல்றீக மச்சான்."

"அவகிட்டக் கத்துக்கிட்டதுதான்."

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு பாயிண்ட் கணக்குக் கேட்டிருக்கு பாருங்க!" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்சம் கழித்து, "வரும்போது எனக்கு ஒரு கம்பளி" என்றான்.

"அது பாயிண்ட்டுல வராது மாப்ள. காசு குடுக்கணும்."

ஏப்ரல் 9

சௌந்தர் ஆணி அடித்தான். படம் மேலே போய்விட்டது. பார்க்க வேண்டும் என்றால் கழுத்தைத் தூக்க வேண்டும். ஸ்டூலை வளர்மதி சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு டீ போட்டேன். ஒரு கிளாஸ் கழுவினேன்.

ஏப்ரல் 10

ஒட்டன்சத்திரம். ஒரு கிளாஸ்.

ஏப்ரல் 13

பழனி வரை பஸ்ஸில் போனேன். அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். இப்போது ஏறலாம், தடை இல்லை. ஏறவில்லை.

ஏப்ரல் 26

ஸ்வெட்டர் வாங்கி வந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது. போட்டுப் பாருங்கள் என்று வளர்மதி பிடிவாதம். போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, காய்ச்சலா?" என்றார். காஷ்மீர் என்றேன். காய்ச்சல் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்.

இரவு உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்வெட்டரால்தான்.

மே 5

பிளேன் ஏறிவிட்டேன். கிளம்புகிற நேரத்தில் வயிறு பின்னால் தங்கிவிட்ட மாதிரி இருந்தது. மதுரைக் கண்மாய்கள் டீ சிந்திய மேஜை மாதிரி, அங்கங்கே ஈரம். சௌந்தர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். அவனுக்குப் பயம், அதனால் பிடித்துக்கொண்டான்.

நடுவழியில் டீ கேட்டேன். சுடுதண்ணீர்க் கப்பில் ஒரு சின்னப் பொட்டலத்தை நூல் கட்டித் தொங்கவிட்டுக் கொடுத்தாள் ஒரு பெண். டீத்தூளைத் தூக்கில் போட்டது போல. குடித்தேன், வேறு என்ன செய்ய. மேலே கால் நீட்டக் கூட இடம் இல்லை, எழுந்து நடக்கவும் விடவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

மே 7

பனியை மிதித்துவிட்டேன். சோனாமார்க் என்று பேர். தர்ஷினி அள்ளி என் முதுகில் போட்டாள், ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். கால் மரத்துத்தான் போகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வளர்மதி சிரித்துச் சிரித்துப் பனியில் உட்கார்ந்துவிட்டாள். சௌந்தர் மட்டும் கொஞ்ச நேரம் தள்ளி நின்று, வெறுங்கையோடு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் தலையில் ஒரு பிடி பனியை வைத்தேன்.

ஓட்டலில் இரண்டு ரூம். அதுவும் பாயிண்ட்டில்தான். தர்ஷினிக்கு அம்மாவோடு படுக்க வேண்டுமாம், டிவி அங்கே பெரிசு. அதனால் இந்த ரூமில் நான் மட்டும். கட்டில் இரண்டு, தலையணை இரண்டு, துண்டு இரண்டு. எல்லாமே இரண்டு ஆளுக்கு வைத்திருக்கிறான்.

ஜன்னல் பக்கத்து மேஜையில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில், பால் பவுடர், சர்க்கரைப் பொட்டலம். அந்த நூல் கட்டிய டீத்தூள் இரண்டு. கப் இரண்டு. இதற்குத் தனியாகக் காசு உண்டா என்று சௌந்தரிடம் கேட்டேன். "இல்லப்பா, எல்லாம் அந்தப் பாயிண்ட்டுலயே சேந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மணி மூன்று. வெளியே மலை வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. எங்கேயும் போகத் தோன்றவில்லை. தண்ணீர் கொதித்தது. ஒன்றில் முழுச் சர்க்கரை, ஒன்றில் அரைச் சர்க்கரை. அரைச் சர்க்கரைக் கப்பை எதிர் நாற்காலிக்கு முன்னால், மலை தெரிகிற பக்கம் வைத்தேன். தூள் சுமார்தான். இருந்தாலும் நிதானமாகக் குடித்தேன்.

இரண்டு கப்பையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அந்த நூல் நுனியில் சின்னதாக ஒரு லேபிள் இருக்கிறது. இரண்டையும் கிழியாமல் எடுத்து, ஈரம் போக ஜன்னல் கட்டையில் காயவைத்திருக்கிறேன்.